வேராவைப் பற்றி நான் எழுதிய சொல்

போன ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து ஒஸ்லோவின் அம்மருட் சபை மண்டபத்தில் கோப்பி குடித்துக்கொண்டிருந்தேன். அடுத்த மாதம் முதற்தடவையாக மொல்டோவாவுக்குப் போகவிருக்கும் உங்கள் குழுவில் இருந்து ஷாலினி வந்து பக்கத்துக் கதிரையில் இருந்தாள்.

“அங்கிள், வாற வார இறுதியில, சனிக்கிழமை, எங்களுக்குக் கூட்டம் இருக்கு. நீங்கள் வந்து உங்கட வேலை அனுபவத்தைக் கதைக்க வேணும்.”

“என்னத்தைக் கதைக்கிறது?”

“நீங்கள் விட்ட பிழையைக் கதையுங்கோ. நல்லதெல்லாம் ஆண்டறிக்கையளில இருக்கு. அதை நாங்கள் வாசிச்சிட்டம்.”

பகிடியாகத்தான் கேட்டாள். நானும் சிரித்து ஓம் என்றேன். ஹொல்ம்லியாவில் உள்ள வீட்டுக்கு ரயிலில் திரும்பும்போது சிரிப்புப் போய்விட்டது. எந்தப் பிழையைச் சொல்ல வேண்டும் என்று யோசிக்கவே தேவையிருக்கவில்லை. அதை முன்பு இரண்டு மூன்று பேரிடம் வாயால் சொல்லியிருக்கிறேன். ஒவ்வொரு தடவையும் நடுவில் எங்கோ ஓரிடத்தில் என்னை நான் கொஞ்சம் காப்பாற்றிக்கொண்டு விடுகிறேன். ஒரு விவரத்தை விழுங்கிவிடுவேன். இன்னொருவர் மேல் கொஞ்சம் சாய்த்துவிடுவேன். எழுதும்போது அது அவ்வளவு இலகுவாக முடியாது. அதனால்தான் சனிக்கிழமைக்கு முன்பே இதை எழுதி உங்களுக்கு அனுப்புகிறேன். என்ன சப்பாத்து வேண்டும், எங்கே காசு மாற்றலாம் என்பதையெல்லாம் மற்றவர்கள் சொல்லித் தருவார்கள்.

என்னைத் தெரியாதவர்களுக்கு ஒரு சிறு அறிமுகம். ஒஸ்லோவில் ஒரு மிஷன் அலுவலகத்தில் இருபத்திரண்டு ஆண்டுகள் வேலை செய்தேன். இங்குள்ள சபைகளை மொல்டோவாவின் கிராமச் சபைகளோடு இணைத்து வைப்பது, இரு பக்கத்துக்கும் செய்தி கொண்டுபோவது, பயணங்களுக்குக் கூடப் போவது, திரும்பி வந்து எங்கள் சஞ்சிகையில் எழுதுவது: இதுதான் என் வேலை. அதற்கு முன்பு முதியோர் இல்லத்தில் பராமரிப்பு உதவியாளனாக இருந்தேன். அதற்கும் முன்பு யாழ்ப்பாணத்தில் இருந்து அகதியாக வந்தவன். வேலைக்கான நேர்முகத்தில் ஏன் உங்களை எடுக்க வேண்டும் என்று கேட்டார்கள். உதவி வாங்குகிறவர்களின் பக்கத்திலும் நான் நின்றிருக்கிறேன், அவர்களுக்கு எது நோகும் என்று எனக்குத் தெரியும் என்றேன். அந்தப் பதிலுக்காகத்தான் என்னை எடுத்தார்கள் என்று பின்னர் சொன்னார்கள்.

அந்தக் கிராமத்தின் பெயரை இனி எங்கும் எழுதுவதில்லை என்று முடிவெடுத்திருக்கிறேன். தலைநகரில் இருந்து பஸ்ஸில் இரண்டரை மணித்தியாலம். சோவியத் காலத்தில் அங்கே ஒரு கூட்டுப்பண்ணையும், தக்காளியைப் போத்தலில் அடைக்கும் தொழிற்சாலையும் இருந்தன. நான் முதலில் போனபோது தொழிற்சாலையின் கூரைத் தகடுகளைக்கூட யாரோ கழற்றிக்கொண்டு போயிருந்தார்கள். வேலை செய்யும் வயதில் இருந்தவர்களில் பாதிப்பேர் நாட்டை விட்டுப் போயிருந்தார்கள். ஆண்கள் கட்டட வேலைக்கு ரஷ்யாவுக்கு. பெண்கள் இத்தாலிக்கு, அங்குள்ள வயோதிபர்களைப் பார்க்கிற வேலைக்கு. தங்கள் தாய் தகப்பனை ஊரில் விட்டுவிட்டு வேறு யாருடையவோ தாய் தகப்பனைக் குளிப்பாட்டி, சாப்பாடு தீத்தி, மருந்து கொடுக்கும் வேலை.

அங்கே எங்கள் பங்காளிச் சபை மிகச் சிறியது. நாற்பது பேர் இருக்கும். ஊரின் மற்றவர்கள் எல்லோரும் பழைய ஓதடொக்ஸ் திருச்சபையைச் சேர்ந்தவர்கள். எங்கள் ஆட்களை ‘புதுச் சமயக்காரர்’ என்பார்கள், கொஞ்சம் சந்தேகத்தோடு. போதகர் விக்டர் முன்பு பண்ணையில் உழவு இயந்திரம் திருத்தியவர். நல்ல உயரம், குறைவான பேச்சு. அவர் தொடங்கிய ஒரு காரியத்தைத்தான் நான் இந்த வேலையில் கண்ட மிக அழகான காரியம் என்பேன். திங்கள், புதன், வெள்ளி மதியம் சபையின் பின் அறையில் ஒரு நீள மேசை போட்டுச் சூடாக ஒரு சூப், பாண், சில நாளில் சோளமாக் களி. தனியே இருக்கும் வயோதிபர் யாரும் வரலாம். ஜெபம் கேட்க வேண்டியதில்லை, சபையில் சேர வேண்டியதில்லை. ஓதடொக்ஸ் வீட்டுப் பெண்கள் அந்தக் கதவுக்குள் காலெடுத்து வைக்க நான்கு வருடம் எடுத்தது. முதலில் துணிந்து வந்தவர் வேரா. அவருக்குப் பின்னால்தான் மற்றவர்கள் வந்தார்கள்.

வேராவுக்கு அப்போது எழுபத்தெட்டு வயது. கூட்டுப்பண்ணையில் பால் கறக்கும் பகுதிக்குப் பொறுப்பாக இருந்தவர். அந்த அதிகாரம் அவரை விட்டுப் போகவேயில்லை. பதினொரு மணிக்கே வந்து குசினியில் இருந்து எல்லோருக்குமாக உருளைக்கிழங்கு உரிப்பார். தடித்த தோலாக உரிக்கிறவர்களை ஏசுவார். யாராவது ஒருவர் சாப்பாட்டுக்கு வராவிட்டால் “போய்க் கதவைத் தட்டிப் பார்” என்று விக்டரை அனுப்புவதும் அவர்தான். ஒரே மகள் லரீசா இத்தாலியில் இருந்தாள். ஒவ்வொரு ஞாயிறும் தொலைபேசி எடுப்பாள். மாதத்துக்கு ஒருமுறை, அங்கிருந்து ஊருக்கு ஓடும் வான்காரரிடம் சாமான் பெட்டி அனுப்புவாள். இதெல்லாம் எனக்குத் தெரியும். விக்டர் சொல்லியிருந்தார். என் குறிப்புப் புத்தகத்திலும் எழுதி வைத்திருந்தேன். தெரியாமல் செய்தேன் என்று நீங்கள் நினைத்துவிடக் கூடாது என்பதற்காகச் சொல்கிறேன்.

அந்த இலையுதிர் காலத்தில் நான் ஒரு நெருக்கடியோடு அங்கே போயிருந்தேன். கிராமத்தோடு இணைந்திருந்த ஒஸ்லோச் சபையின் நிர்வாகக் குழு, இந்த உறவைத் தொடர்வதா நிறுத்துவதா என்று நவம்பரில் வாக்கெடுக்கப் போவதாக எழுதியிருந்தது. பத்து வருடமாகி விட்டது, எங்கள் ஆட்களுக்கு ஆர்வம் குறைந்துவிட்டது, வேறு நாடுகளிலும் தேவை இருக்கிறது என்றார்கள். அவர்கள் விலகினால் மேசை நின்றுவிடும். விக்டருக்கு இதை நான் சொல்லவில்லை. சரிசெய்துவிடலாம் என்று நினைத்தேன்.

ஒரு புதன்கிழமை மதியம் மேசையருகே நின்று படங்கள் எடுத்தேன். வேரா உருளைக்கிழங்கு வேலையை முடித்துக் கை கழுவிவிட்டு, சூப் வரும்வரை யன்னலோரம் இருந்தார். முன்னால் வெறும் கோப்பை. களைத்திருந்தார். தலைத்துணி நழுவி, வாய் சற்றே திறந்து, கண் எங்கோ போயிருந்தது. எடுத்தேன். சத்தம் கேட்டுத் திரும்பியவர் விக்டரிடம் ஏதோ சொல்லி எழும்பினார்.

“கொஞ்சம் பொறுக்கட்டாம்” என்று விக்டர் சிரித்துக்கொண்டே மொழிபெயர்த்தார். “தலைத்துணியைச் சரியாக் கட்டிப்போட்டு வாறாவாம். நல்லா வந்தா மகளுக்கு அனுப்ப ஒண்டு தரட்டாம்.”

அவர்கள் பேசியதை எல்லாம் என் தமிழிலேயே சொல்கிறேன், நான் அதை அப்படித்தான் நினைவில் வைத்திருக்கிறேன். வேரா துணியை இறுக்கிக் கட்டி, ஏப்ரனைக் கழற்றி, நிமிர்ந்து நின்றார். இரண்டாவது படம் எடுத்தேன். பண்ணைப் பொறுப்பாளர் மாதிரியே இருந்தார்.

ஒஸ்லோவுக்கு வந்ததும் சஞ்சிகை ஆசிரியர் இங்ரிட் எனக்காகக் காத்திருந்தாள். என்னைவிட இருபத்தைந்து வயது இளையவள், கெட்டிக்காரி. வாக்கெடுப்புக்கு முன் வரும் இதழ் அன்று பின்னேரம் அச்சுக்குப் போக வேண்டும். இரண்டு படங்களையும் அவளுடைய திரையில் போட்டோம்.

“முதலாவதுதான்” என்றாள். “இதைப் பார்த்தால் யாராலயும் பக்கத்தைத் திருப்பேலாது.” பிறகு என்னைத் திரும்பிப் பார்த்துக் கேட்டாள்: “இதைப் போடுறதுக்கு அவ ஓம் எண்டவவோ?”

அந்தக் கேள்விக்கு முன்னால் எனக்கு இரண்டு மூன்று விநாடி இருந்தது. வேரா சம்மதித்தது மற்றப் படத்துக்கு. அதுவும் மகளுக்கு அனுப்ப. இன்னொரு நாட்டில் ஆயிரக்கணக்கான வீடுகளுக்குப் போகும் சஞ்சிகைக்கு அவர் ஒன்றுக்கும் சம்மதிக்கவில்லை, ஏனென்றால் நான் கேட்கவேயில்லை. விக்டருக்கு ஒரு தொலைபேசி எடுத்தால் பத்து நிமிட வேலை. மணி இரண்டரை.

“ஓம், கேட்டனான்” என்றேன்.

பிறகு இருந்து எழுதினேன். அரை மணித்தியாலத்தில் முடித்தேன். எனக்கு எழுத்து நன்றாக வரும் என்று எல்லோரும் சொல்வார்கள். ‘பிள்ளையால் கைவிடப்பட்ட வேராவுக்கு இந்தக் கோப்பைதான் நாளின் ஒரே உணவு’ என்று தொடங்கினேன். ‘கைவிடப்பட்ட’ என்று தட்டும்போது ஞாயிறுதோறும் வரும் அழைப்பு ஞாபகத்தில் வந்தது. ஆனால் ‘மகள் வெளிநாட்டில் வேலை செய்கிறாள்’ என்று எழுதினால் நிர்வாகக் குழுவில் யாரும் கை உயர்த்த மாட்டார்கள் என்று தோன்றியது. மேசையைக் காப்பாற்றத்தானே செய்கிறேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

இதழ் வந்த அன்று வீட்டுக்குக் கொண்டுபோய் ரஞ்சியிடம் காட்டினேன். என் மனைவி மன்னார்க்காரி, கத்தோலிக்கக் குடும்பம், எங்கள் சபை வேலைகளில் அதிகம் தலையிட மாட்டாள். நின்றபடியே வாசித்துவிட்டுக் கேட்டாள்:

“இவவின்ரை மகள் இதைப் பாத்தா என்ன நினைப்பா?”

“அவளுக்கு நோர்வேஜிய மொழி தெரியாது.”

“அதுக்காக?”

ரஞ்சி சஞ்சிகையை மேசையில் வைத்தாள். “நாங்கள் மொழி படிச்ச பள்ளிக்கூடத்தில ஒரு போஸ்டர் ஒட்டியிருந்தவை, மறந்துபோச்சோ உங்களுக்கு?”

மறக்கவில்லை. அகதி முகாம் ஒன்றில் பாத்திரத்தோடு வரிசையில் நிற்கும் எங்கள் ஊர்ப் பெண்களின் படம். அவர்களில் யாரையும் எங்களுக்குத் தெரியாது. ஆனாலும் அந்த நடைபாதையால் போகாமல் ரஞ்சி ஒவ்வொரு நாளும் மற்றப் படிக்கட்டால் சுற்றி வகுப்புக்கு வருவாள். ஒரு வருடம் முழுக்க. அதைத் தெரிந்தவன்தான் இதைச் செய்தேன்.

வாக்கெடுப்பில் வென்றோம். ஒருவர்கூட எதிராகக் கை உயர்த்தவில்லை. அலுவலகத்தில் கேக் வெட்டினார்கள். என் கட்டுரையை இணையப் பக்கத்திலும் போட்டு, இனி வருகிறவர்களுக்கு மாதிரியாக வைத்துக்கொள்ளலாம் என்றார் எங்கள் தலைவர். நான் எழும்பி நின்று நன்றி சொன்னேன்.

மூன்று வாரத்துக்குப் பிறகு ஒரு வெள்ளிக்கிழமை விக்டர் தொலைபேசி எடுத்தார். வழக்கமாக வணக்கம், வீட்டு நலம், காலநிலை என்று தொடங்குகிறவர் அன்று நேரே கேட்டார்.

“பிரதர், என்ன எழுதினனீங்கள்?”

நோர்வேயில் துப்புரவு வேலை செய்யும் அயலூர்ப் பெண் ஒருத்தி இணையத்தில் படத்தைக் கண்டிருக்கிறாள். கைத்தொலைபேசியில் ஒரு தட்டு, எழுத்து முழுக்க அவள் மொழிக்கு மாறியிருக்கிறது. அவள் அதை இத்தாலியில் இருக்கும் பெண்களுக்கு அனுப்ப, அவர்கள் ஊருக்கு அனுப்ப, ஒரே நாளில் எல்லா வீட்டுக்கும் போய்விட்டது.

“இண்டைக்கு ஒருத்தரும் வரேல்லை” என்றார் விக்டர். “பதினாலு பேருக்குக் காய்ச்சினது அப்பிடியே இருக்கு. நாங்கள் கிழவியளைக் காட்டி வெளிநாட்டில பிச்சை எடுக்கிறமாம். கடையில வைச்சு என்னைக் கேட்டினம். நான் என்ன சொல்ல?”

“நான் பக்கத்தை எடுக்கச் சொல்லுறன், விக்டர். இப்பவே.”

“எடுங்கோ” என்றார். “அவை பசிக்காக வரேல்லை, பிரதர். எல்லாரிட்டையும் வீட்டில சாப்பாடு இருக்கு. ஒண்டா இருந்து சாப்பிட ஆக்கள் இல்லை. அதுக்குத்தான் வந்தவை. உங்களுக்கு அது விளங்கினது எண்டு நினைச்சன்.”

அன்று பின்னேரம் ஹொல்ம்லியா ரயிலில் நிற்கும்போது இத்தாலி இலக்கத்தில் இருந்து அழைப்பு வந்தது. லரீசா. என் இலக்கத்தை விக்டரிடம் வாங்கியிருந்தாள். உடைந்த ஆங்கிலம். கத்தவில்லை. கத்தியிருந்தால் எனக்கு இலகுவாக இருந்திருக்கும்.

“நான் விடிய எழும்பி இன்னொருத்தியின்ரை அம்மாவைக் குளிக்க வாக்கிறன். அந்தச் சம்பளத்தில என்ரை அம்மாவின்ரை வீட்டுக்குக் கூரை போட்டன், குளிருக்கு விறகு எடுத்துக் குடுக்கிறன். கைவிட்டவள் எண்டு எழுதியிருக்கிறியள். என்னை உங்களுக்குத் தெரியுமோ?”

பெட்டியில் ஆட்கள் நிறைந்திருந்தார்கள். நான் குரலைத் தாழ்த்தி, “அந்தப் படத்தைத் தெரிவுசெய்தது நானில்லை. சஞ்சிகை ஆசிரியர்தான் தெரிவுசெய்தவ” என்றேன்.

ஆம், அப்படித்தான் சொன்னேன். வாயால் சொல்லும்போது நான் எப்போதும் விழுங்கிவிடும் இடம் இதுதான். அவள் படத்தைப் பற்றிக் கேட்கவே இல்லை, சொல்லைப் பற்றித்தான் கேட்டாள். சொல் முழுக்க என்னுடையது. அவள் அழைப்பைத் துண்டித்துவிட்டாள்.

திங்கட்கிழமை இங்ரிட்டிடம் போய் இரண்டையும் சொன்னேன்: சம்மதம் கேட்கவில்லை என்பதையும், பழியை அவள் மேல் போட்டதையும். “நான் உங்களைக் கேட்டனான்” என்று மட்டும் சொன்னாள். அதற்குப் பிறகும் எங்களுக்குள் மரியாதை இருந்தது. ஆனால் நான் கொண்டுவரும் எதையும் அவள் இன்னொருவரிடம் விசாரிக்காமல் போட்டதில்லை. அது சரிதான்.

தலைவர் ஒரு மன்னிப்புக் கடிதம் அனுப்பினால் போதும் என்றார். நான் விடுப்பு எடுத்துக்கொண்டு போனேன். இதிலாவது ஒழுங்காக நடக்க வேண்டும் என்று நினைத்தேன்.

விக்டர் என்னை வேராவின் வீட்டுக்குக் கூட்டிப் போனார். படலையைத் திறந்தபோதே உள்ளே இருந்து பொரியல் வாசம் வந்தது. மேசையில் கையகலம் இடமில்லை. கோழிச் சாறு, பாற்கட்டி வைத்துச் சுட்ட ரொட்டி, ஊறவைத்த தக்காளி, வெந்தயக்கீரை தூவிய உருளைக்கிழங்கு, வாதுமைப் பாணி, சொந்தத் தோட்டத்து வைன் ஒரு சாடி. அயலில் இருந்து இரண்டு பெண்கள் வந்து சுவரோரம் கைகட்டி இருந்தார்கள். சாப்பிட வந்தவர்கள் இல்லை, பார்க்க வந்தவர்கள் என்று விளங்கியது. வேரா நல்ல சட்டை போட்டிருந்தார்.

நான் நின்றபடியே சொல்லத் தொடங்கினேன். வரும் வழி முழுக்கப் பாடமாக்கிய வசனங்கள். விக்டர் மொழிபெயர்க்க வாயெடுக்க முன்பே வேரா கதிரையைக் காட்டினார்.

“இருந்து சாப்பிடட்டாம்” என்றார் விக்டர். “ஆறப்போகுதாம்.”

சாப்பிட்டேன். கோப்பை காலியாகக் காலியாக அவர் நிரப்பினார். போதும் என்று கை வைத்தால் கையை விலக்கிவிட்டு ஊற்றினார். சுவரோரம் இருந்த பெண்கள் நான் விழுங்குவதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். முப்பது வருடத்துக்கு மேல் அகதியாகவும் அலுவலராகவும் எத்தனையோ மேசைகளில் இருந்திருக்கிறேன். அப்படி ஒரு சாப்பாட்டை எங்கும் சாப்பிட்டதில்லை.

கடைசியில் மன்னிப்புக் கேட்டேன். வேரா முழுவதையும் கேட்டார். பிறகு மெதுவாக, நீளமாகப் பேசினார். விக்டர் நிலத்தைப் பார்த்தபடி மொழிபெயர்த்தார்.

“நீங்கள் தூரத்தில இருந்து வந்த விருந்தாளியாம். உங்களோட கோவமில்லையாம். நீங்கள் எப்ப வந்தாலும் இஞ்சை சாப்பாடு இருக்குமாம்.” விக்டர் நிறுத்தினார். “ஆனா மேசைக்கு இனி வரமாட்டாவாம்.”

“அவவுக்குச் சொல்லுங்கோ, பிழை என்னுடையது. சபையினது இல்லை.”

“சொல்லிப்போட்டன். பிழை ஆரிலை எண்டு அவ யோசிக்கேல்லையாம். அந்தக் கோப்பையைக் கையில எடுத்தா, ஆரோ பாக்கினம் எண்ட மாதிரி இருக்குமாம்.”

மேசை நிற்கவில்லை. குளிர் இறுக இறுகச் சிலர் திரும்பி வந்தார்கள். ஐந்து பேர், ஆறு பேர். ஆனால் உருளைக்கிழங்குத் தோலுக்கு ஏசவும், வராதவர்களைத் தேடி அனுப்பவும் அங்கே ஒருவரும் இல்லை. அவரவர் கோப்பையைக் குடித்துவிட்டு எழும்பிப் போனார்கள் என்று விக்டர் எழுதினார். ஒஸ்லோச் சபை தொடர்ந்து உதவியது. அவர்கள் காப்பாற்ற வேண்டும் என்று நான் கெஞ்சிய காரியம் கிட்டத்தட்ட இல்லாமல் போயிருந்தது. அதை அவர்களுக்கு முன்னால் நின்று சொல்ல எனக்கு இன்னும் நான்கு மாதம் எடுத்தது.

அடுத்த பெப்ரவரியில் வேரா விழுந்தார். ஒரு செவ்வாய்க்கிழமை காலை, அடுப்புக்கு விறகு எடுக்கப் போகும்போது, வீட்டுக்குள்ளேயே. இடுப்பு எலும்பு முறிந்து எழும்ப முடியவில்லை. வியாழன் பின்னேரம் அயல்வீட்டுப் பெண் இரவல் வாங்கிய அரிதட்டைத் திருப்பிக் கொடுக்கப் போய்த்தான் கண்டாள். அடுப்பு அணைந்து இரண்டு நாள் ஆகியிருந்தது. மாவட்ட ஆசுபத்திரியில் பதினொரு நாள் இருந்தார். சளி நெஞ்சில் இறங்கி இறந்துபோனார்.

விக்டர் தொலைபேசியில் இதைச் சொல்லும்போது ஒரு குற்றச்சாட்டும் வைக்கவில்லை. நானாகத்தான் கேட்டேன்.

“மேசைக்கு வந்து கொண்டிருந்திருந்தா?”

அவர் சொன்னார். “புதன்கிழமை பன்ரண்டு மணிக்கு வரேல்லை எண்டா, ஒரு மணிக்கு நான் கதவைத் தட்டியிருப்பன்.”

ஒரு நாளும் கொஞ்ச நேரமும். அது அவரைக் காப்பாற்றியிருக்குமா என்று ஆசுபத்திரி மருத்துவரிடம் விக்டர் எனக்காகக் கேட்டிருக்கிறார். சொல்ல முடியாது என்றாராம். நானும் உங்களுக்கு அதையே சொல்கிறேன், சொல்ல முடியாது. அந்த விடையோடுதான் இருக்கிறேன்.

பிள்ளைகள், உங்களிடம் இப்போது ஒரு படிவம் இருக்கிறது. படம் எடுக்க முன்பு அவர்களுடைய மொழியில் விளக்கம், கீழே கையெழுத்து. ஓய்வு பெற முன்பு நான் கடைசியாக எழுதிக் கொடுத்தது அது. அதை நம்பி இருந்துவிடாதீர்கள். என்னிடம் அந்தப் படிவம் இருந்திருந்தால் வேரா கையெழுத்துப் போட்டிருப்பார். தூரத்தில் இருந்து வந்த விருந்தாளி கேட்டால் போடுவார்கள். நான் எழுதியதை அவருக்கு முன்னால் இருந்து சத்தமாக வாசித்துக் காட்டியிருக்க வேண்டும். இரண்டாவது சொல்லிலேயே என் வாய் நின்றிருக்கும். முகத்துக்கு நேரே வாசிக்க முடியாததை முதுகுக்குப் பின்னால் எழுதாதீர்கள். நல்ல காரியத்தைக் காப்பாற்றும் அவசரத்தில் இருக்கும்போது இன்னும் கவனமாக இருங்கள். கெட்ட காரியம் செய்கிறவனுக்கு ஒரு பயமாவது இருக்கும். எனக்கு அன்று பயமே இருக்கவில்லை.

வேரா இறந்த அந்த வருடம், செப்டெம்பரில், ஓய்வுக்கு முன் கடைசித் தடவையாக அந்தக் கிராமத்துக்குப் போனேன். விக்டரிடம் விடைபெற்றுவிட்டுத் தெருவால் வரும்போது வேராவின் வீட்டுப் படலை திறந்திருந்தது. முற்றத்தில் பெட்டிகள். லரீசா இத்தாலியில் இருந்து வந்து வீட்டை ஒதுக்கிக்கொண்டிருந்தாள். நான் அவளை நேரில் கண்டது அதுதான் முதல். ஐம்பது வயது, கையில் தோல் வெடித்திருந்தது. என் தோலின் நிறத்தைப் பார்த்ததுமே நான் யார் என்று அவளுக்கு விளங்கிவிட்டது. அந்த ஊருக்கு வேறு எந்தத் தமிழன் வரப்போகிறான்.

போகச் சொல்லவில்லை. “வந்ததுக்கு இதில ஒரு கை பிடியுங்கோ” என்றாள். கனமான அலுமாரி ஒன்று. இருவருமாகத் தூக்கி வாசலுக்குக் கொண்டுவந்து வைத்தோம். மூச்சு வாங்க அதன் மேல் கை ஊன்றி நின்றாள். நான் மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். கையைக் காட்டித் தடுத்தாள்.

“அது அம்மாவிட்டைக் கேட்டிட்டியள். எனக்கு வேற ஒண்டு தெரிய வேணும். ஒவ்வொரு ஞாயிறும் நான் அம்மாவுக்குச் சொல்லுவன், வசந்தத்தில வாறன் எண்டு. ஆறு வசந்தம் சொன்னனான். வேலையை விட்டா அந்த இடம் போயிடும், வரேலாது. நீங்கள் அந்தச் சொல்லை எழுதினப்பிறகு, அந்த வீட்டுக்காரியைக் குளிக்க வாக்கேக்குள்ளை, அது காதுக்கை கேட்டுக்கொண்டே இருக்கு. பக்கத்தை எடுத்திட்டியள். எனக்குள்ளை இருந்து அது போகுதில்லை.” என்னை நேரே பார்த்தாள். “நீங்கள் இந்த வீட்டுக்கு வந்தனீங்கள். அம்மாவைக் கண்டனீங்கள். சொல்லுங்கோ, நான் கைவிட்டனானோ?”

“இல்லை” என்றேன். “நீங்கள் கைவிடேல்லை. அது எனக்கு எழுதேக்குள்ளையே தெரியும்.”

என் இருபத்திரண்டு வருட வேலையில் நான் இதைவிட நிச்சயமாக எதையும் சொன்னதில்லை. அவள் என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். அந்தப் பார்வையில் கோபம் இருக்கவில்லை.

“நீங்கள் தேவைக்கு ஏற்ற மாதிரிச் சொல்லுற ஆள்” என்றாள். “அப்ப உங்கட சபைக்கு அது தேவைப்பட்டுது. இப்ப எனக்கு இது தேவை எண்டு சொல்லுறியள்.”

பிறகு உள்ளே போனாள். கட்டில் இன்னும் இருந்தது. நான் ஒரு பக்கம் பிடித்தேன்.